மாப்பிள்ளை நட்ட கைக்கல்

என் மகளைக் கட்டிக்கொடுத்தபோது ஊரில் எல்லாரும் சொன்னார்கள், உனக்கென்னம்மா குறை, டாக்டர் மாப்பிள்ளை என்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த டாக்டர் மலையில் குப்புறப் படுத்துக்கொண்டு டூத் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பார் என்று அவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

பல் டாக்டர். அதனால் பிரஷ்ஷுக்குப் பஞ்சமில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களிடம், "பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்றாதீங்க, எங்கிட்டக் குடுங்க" என்று வாய் கூசாமல் கேட்டு வாங்கி ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். வைத்தியம் பார்க்கிற கொக்கிகளில் தேய்ந்துபோனவையும் அந்தப் பையில்தான் இருக்கும். அவற்றால்தான் கல்லின் இடுக்கில் பிடித்த பாசியைச் சுரண்டுவார். "சொத்தை எடுக்கற மாதிரிதான் அத்தை" என்று என்னிடம் பெருமையாக வேறு சொல்வார்.

அது என்ன கல் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குப் பின்னால் மலை. மலைக்கு மேல் ஒரு கணவாய். அந்தக் காலத்து வியாபாரிகள் மூட்டை ஏற்றிய கழுதைகளை ஓட்டிக்கொண்டு அந்தக் கணவாய் வழியாகத்தான் அடுத்த பக்கம் போனார்களாம். மூடுபனியில் வழி தப்பக் கூடாது என்று பாதை நெடுக முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு கை செதுக்கியிருக்கும். ஆள்காட்டி விரல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். நாங்கள் கைக்கல் என்போம்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் அந்தக் கற்களை ஒரு நாய்கூடச் சீந்தியதில்லை. மதில் கட்டுவதற்குச் சிலர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் தொழுவத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். கெஞ்சியும் மசியாதவர்களுக்கு இலவசமாகப் பல் பிடுங்கிவிட்டு, பல்லுக்குப் பதிலாகக் கல்லை வாங்கி வந்தார். வண்டி ஏறாத இடத்துக்குத் தோளில் தூக்கிப் போய், இருந்த இடத்தில் திரும்ப நட்டார். சம்பளம் கிடையாது, ஒரு சால்வை கிடையாது, முதுகுவலி மட்டும் உண்டு.

இதையெல்லாம் நான் அவரிடம் நேராகச் சொன்னதில்லை. பெண்ணைக் கொடுத்தவள் மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? அவர் வந்து நின்றால் நான் கெட்டிலைத் திட்டுவேன், பூனையைத் திட்டுவேன், அடுப்பைத் திட்டுவேன். அதில் பாதி தனக்கு என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஆனால் ஒரு கல்லைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறந்ததில்லை. ஊரிலிருந்து ஏறிப் போனால் ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஓடையை நோக்கிப் போவது கீழ்ப்பாதை. இடது பக்கம் புதருக்குள் நுழைந்து ஏறுவது மேல்பாதை. பிரிகிற இடத்தில் ஒரு கைக்கல் மண்ணில் பாதி புதைந்து விழுந்து கிடந்தது. கல்யாணம் ஆன புதிதில் மாப்பிள்ளை என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அதைத் தோண்டி எடுத்து நிறுத்தினார். அதற்கு மேலே ஒரு கல்லும் மிச்சமில்லாததால், விரல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்ப்பாதைதான் அகலமாக இருந்தது. வியாபாரிகள் போன பாதை அகலமாகத்தானே இருக்கும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு, விரலைக் கீழ்ப்பாதைப் பக்கம் திருப்பி நட்டுவிட்டு வந்தார்.

கீழ்ப்பாதையில்தான் எங்கள் வீடு.

அந்த வருடம்தான் கல் குவாரியை மூடினார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. முட்டியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தார். நான் குவாரி ஆட்களுக்குச் சமையலறை ஜன்னல் வழியாக டீ விற்றுக்கொண்டிருந்தவள். அவர்களும் போய்விட்டார்கள். இனி மகள் வீட்டில் போய், பல் டாக்டர் வீட்டுச் சர்க்கரையில்லாத பிஸ்கட்டைத் தின்றுகொண்டு ஒரு அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தபோது, முதுகில் பையைக் கட்டிய ஒரு ஆள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார். "கணவாய்க்கு இதானேம்மா வழி? கைக்கல் இந்தப் பக்கம் காட்டுச்சு" என்றார். டீ கொடுத்தேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் பத்துப் பேரிடம் சொன்னார்கள்.

ஜன்னல் கடையானது. கடைக்குக் கூரை வந்தது, பெஞ்சு வந்தது. டீ, பன், அவித்த முட்டை, அப்புறம் பிளாஸ்திரி. பன்னுக்கு அடுத்தபடி எங்கள் கடையில் அதிகம் விற்றது பிளாஸ்திரிதான். மலை ஏறுகிறவர்களுக்கு முட்டி சிராய்ப்பது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது ஒரு டீ குடிப்பார்கள், சாயங்காலம் திரும்பி வந்து இன்னொரு டீ குடிப்பார்கள். என் டீயில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. டீக்கடை அம்மா என்று சொன்னால் அடுத்த ஊரில்கூட என்னைத் தெரியும்.

இந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. ஒரு வாரம் விடாமல் கொட்டியதில் பாதை பிரிகிற இடத்தில் மண் சரிந்தது. நாலு நாள் கழித்து நட்டநடு மதியத்தில், கிளினிக்கில் ஆட்களை உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளை கடைக்கு வந்தார். சட்டையெல்லாம் வெள்ளை மாவு. டீ கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, ஒரு தப்பு நடந்து போச்சு."

கெட்டிலைக் கீழே வைத்தேன். "எம் பொண்ணு ஏதாச்சும் சொல்லிட்டாளா மாப்பிள்ளை?"

"ஐயோ, அவ இல்லத்தை. கல்லு."

கையிலிருந்த பையைத் திறந்து, பன் தட்டை நகர்த்திவிட்டு, இரண்டு அச்சுகளை எடுத்து வைத்தார். பல்லுக்கு அச்சு எடுப்பாரே, அந்த மாவில் செய்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு இருந்தது.

"மண்ணு சரிஞ்சதுல கல்லுக்குப் பக்கத்துல ஒரு பாறை தெரிஞ்சுது. பாறையில ஒரு குழி. கல்லு ஆதியில நின்ன குழி அத்தை. இது குழியோட அச்சு. இது கல்லோட வேர். பல்லு அதோட குழியில ஒரே ஒரு விதமாத்தான் உக்காரும், திருப்பி வெச்சா உக்காராது. இப்பப் பாருங்க."

ஒன்றை மற்றதுக்குள் வைத்தார். மூன்று பக்கம் திருப்பிப் பார்த்தும் ஆடிக்கொண்டிருந்தது. நாலாவது பக்கம் திருப்பினார். டக்கென்று உட்கார்ந்தது. விரல் இருக்கிற பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, குழி அச்சின் ஓரத்தில் இரண்டு பாதையையும் குறித்து வைத்திருந்தார். அந்தக் கோடு கீழ்ப்பாதையைப் பார்க்கவில்லை. மேல்பாதையைப் பார்த்தது.

"அப்போ கீழ்ப்பாதை?" என்றேன்.

"மாடுங்க ஓடைக்குத் தண்ணி குடிக்கப் போன தடம் அத்தை. அதான் அகலமா இருந்திருக்கு. எனக்குத்தான் புத்தி போகல."

"இத்தனை வருஷமா ஜனம் போய்க்கிட்டுத்தானே இருக்கு?"

"போறாங்க. மேல போய்ச் சேர்றாங்களான்னுதான் தெரியல."

அதோடு விட்டாரா? அடுத்த மாதம் பழம்பாதை வாரியத்திலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருகிறார்களாம். கற்கள் எல்லாம் பழைய இடத்தில் பழைய திசையில் நின்றால் பாதையைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். சேர்த்துவிட்டால் அப்புறம் எவனும் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க முடியாதாம். இதற்காகத்தான் இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக முதுகை ஒடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது கல்லைத் திருப்பினால் என் கடை போச்சு. திருப்பாவிட்டால் அவர் பொய்க் கல்லை நிஜமென்று காட்ட வேண்டும்.

அவர் போனதும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "சும்மா கெடந்த மண்ணை எதுக்குக் கிளறணும்? குழியைப் பாத்தா மூடிட்டுப் போக வேண்டியதுதானே? பெரிய கண்டுபிடிப்பு!" என்று கெட்டிலைப் போட்டு வறுத்தெடுத்தேன். என் வீட்டுக்காரர், "அது என்ன பாவம் பண்ணுச்சு, தண்ணி கொதிக்கட்டும்" என்றார். பிறகு மகளுக்குப் போன் போட்டேன். "அம்மா, அவரு மூணு நாளா சோறு எறங்காம சுத்துறாரு. ராத்திரி தூக்கத்துல 'அத்தை, அத்தை'ங்கறாரு. நான் பக்கத்துல படுத்துருக்கேன், எம்பேரைக்கூடச் சொல்லல" என்று அவள் தன் பாட்டைப் பாடினாள்.

இனி நேரில் பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் பேசினால் மகள் நடுவில் வருவாள். அதனால் கடைவாயில் பல்வலி என்று பொய் சொல்லிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

கிளினிக் அவர் வீட்டு மாடியில் ஒற்றை அறை. சாய்கிற நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, கை கழுவும் தொட்டி. சுவர் அலமாரியில் வரிசையாக ஊர்க்காரர்களின் பல் அச்சுகள் இளித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் தட்டில் கைக்கற்களின் அச்சுகள், எல்லா விரலும் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. சகுனமே சரியில்லை என்று நினைத்தேன்.

என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "மாப்பிள்ளை, நான் வந்தது எதுக்குன்னா" என்று ஆரம்பிப்பதற்குள், "வாயை நல்லாத் தெறங்க அத்தை" என்றார். திறந்தேன். இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். இனிமேல் நான் என்னத்தைப் பேச?

"வலி எங்கேயும் இருக்க முடியாதே அத்தை, பல்லு எல்லாம் ஜோரா இருக்கு" என்றார். பிறகு கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "எனக்குத் தெரியும், நீங்க பல்லுக்கு வரல. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். அந்தக் கல்லை நட்டது நான். அந்தக் கல்லை நம்பிக் கடை போட்டது நீங்க. நீங்க வேணாம்னு சொன்னா நான் தொட மாட்டேன். அந்த அம்மா வந்து கேட்டாலும் வாயைத் தெறக்க மாட்டேன். நீங்க சொல்றதுதான்."

பார்த்தீர்களா வேலையை? அவர் பாட்டுக்குத் திருப்பியிருந்தால் ஆயுசுக்கும் கெட்டிலைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன், நிம்மதியாக. முடிவை என் தலையில் கட்டிவிட்டார். நல்லவர்களோடு குடும்பம் நடத்துவதில் இதுதான் தொல்லை.

நான் பஞ்சைத் துப்பினேன். "வேணாம் மாப்பிள்ளை" என்றேன்.

"சரி அத்தை."

அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பிரஷ் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். பிரிகிற இடத்துக் கல் பக்கத்தில் வந்தபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார் என்று கூடப் போன என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். இவரை யார் சொல்லச் சொன்னது?

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கீழ்ப்பாதை மேலே போய்ச் சேராதாமே? இத்தனை ஜனம் போகிறதே, அவர்கள் என்ன ஆகாயத்திலா மறைகிறார்கள்? நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மாப்பிள்ளையின் மூக்கை உடைப்பது என்று கிளம்பினேன். கடை வைத்து இத்தனை வருடத்தில் என் கடைக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. எனக்கு எங்கே நேரம்?

ஓடை வரை பாதை நன்றாக இருந்தது. ஓடைக்கு அப்புறம் பாதை என்று ஒன்று இல்லை. செங்குத்தாக எழுந்த ஒரு சரிவு, உருண்டு கிடக்கிற பாறை, முள். முள்ளில் துணி கிழிசல்கள் தொங்கின. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. இரண்டு தண்ணீர்ப் பாட்டில், உடைந்த மூக்குக்கண்ணாடி, என் கடைப் பிளாஸ்திரியின் காகிதம் ஏராளம்.

மேலே யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பார்த்தால் நம் குச்சிக்காரர். எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கை. வயசானவர், ஒவ்வொரு கைக்கும் ஒரு ஊன்றுகோல் வைத்துக்கொண்டு மாதாமாதம் மலை ஏற வருவார். அந்தக் குச்சிகள் கீழே கிடந்தன. அவர் நாலு காலில் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரு செடியைப் பிடித்திருந்தார்.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"ஏறிக்கிட்டு இருக்கேம்மா" என்றார் திரும்பிப் பார்க்காமல். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கிக்கிட்டும் இருக்கேன்" என்றார்.

கையைக் கொடுத்து இறக்கிவிட்டேன். ஒரு பாறையில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "வழக்கமா இந்த எடத்துலதான் தோத்துப் போயிடுவேன். ஒரு தடவைகூட மேல போய்ப் பாத்ததில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"எங்க? மத்தவங்கெல்லாம் போறாங்க, எனக்குத்தான் உடம்பு ஒத்துழைக்கல. வயசாயிடுச்சு. வீட்ல சிரிக்கிறாங்க. திரும்பி வந்து உங்க கடையில உக்காந்து ஒரு டீ குடிச்சாத்தான் மானம் திரும்ப வரும்."

மத்தவங்கெல்லாம் போறாங்க. அத்தனை பேரும் இதையேதான் நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். சாயங்காலம் என் பெஞ்சில் வாயே பேசாமல் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்தவர்களின் முகமெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. களைப்பு என்று நினைத்தேன். அது களைப்பில்லை, வெட்கம். நான் அவர்களுக்குப் பிளாஸ்திரி விற்றிருக்கிறேன்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கடையின் கூரை கண் முன்னால் வந்தது, பெஞ்சு வந்தது, சர்க்கரையில்லாத பிஸ்கட் வந்தது. "மெதுவா வாங்க, டீ போட்டுத் தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. அதனால் மனசு ஆறவும் இல்லை.

வாரியத்து அம்மா வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கழுத்தில் கேமராவும் கையில் அளவு நாடாவுமாக வந்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டே வந்தார். எல்லாக் கல்லும் பளபளவென்று இருந்தது. "யாரு சார் இவ்ளோ அழகா க்ளீன் பண்றது?" என்று அந்த அம்மா கேட்டபோது என் மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரோடு பாதை பிரிகிற இடத்தில் நின்றேன்.

அந்த அம்மா கடைசியாக அங்கே வந்தார். கல்லை அளந்தார், படம் எடுத்தார், ஆட்டிப் பார்த்தார். "இது ஆதியிலேருந்தே இந்தத் திசையிலதான் நிக்குதா டாக்டர்?"

மாப்பிள்ளை கல்லைத் தட்டிக் காட்டினார். "கல்லு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு மேடம்" என்றார்.

"அது சரி. திசை?"

"கருங்கல்லு மேடம்."

"டாக்டர், நான் திசையைக் கேட்டேன்."

"இன்னைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சொன்ன வாக்கையும் மீற மாட்டார், பாவம் என்னதான் செய்வார்? என்னைத் திரும்பிப் பார்த்தால் நான் சங்கடப்படுவேன் என்று மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தானா குச்சிக்காரர் வர வேண்டும்? புதுசாக ஒரு ஜோடிக் குச்சி, புதுச் செருப்பு. "கொஞ்சம் வழி விடுங்க, இன்னைக்கு எப்படியும் பாத்துடணும்" என்று கூட்டத்தை விலக்கினார். என்னைப் பார்த்ததும் நின்றார். "இதான்மா கடைசி. இன்னைக்கும் முடியலன்னா குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல உக்காந்துடறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுக் கல்லின் விரலைப் பார்த்தார், நம்பிக்கையோடு கீழ்ப்பாதையில் காலை வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் மாப்பிள்ளை!" என்று நான் கத்தியதில் வாரியத்து அம்மாவின் கையிலிருந்த நாடா சுருண்டு உள்ளே போனது. "ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் வாயைத் தெற வாயைத் தெறன்னு சொல்றீங்களே, உங்க வாயைத் தெறந்து சொல்லித் தொலைங்களேன்! ஐயா, நில்லுங்க! அந்தப் பக்கம் போகாதீங்க! கல்லு தப்பா நிக்குது!"

என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கதானே அத்தை வேணாம்னு சொன்னீங்க" என்றார் மாப்பிள்ளை, திட்டு வாங்கிய அதிர்ச்சி தீராமல்.

"அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்குச் சொல்றேன், திருப்புங்க."

வாரியத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"கீழ்ப்பாதையில டீக்கடை வெச்சிருக்கேன்."

"அப்போ கல்லைத் திருப்பினா உங்க கடைக்கு..."

"ஆள் வராது. எனக்குத் தெரியாதா? படம் புடிச்சது போதும், ஒரு கை குடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை குழியைக் காட்டினார், அச்சுகளைக் காட்டினார். வாரியத்து அம்மாவுக்கு ஒரே குஷி. கல் ஆதியில் நின்ற குழியே கிடைப்பது அபூர்வமாம், இதற்காகவே பாதையைப் பட்டியலில் சேர்க்கலாமாம். நல்லது, யாருக்காவது சந்தோஷமாக இருந்தால் சரி. கடப்பாரை போட்டுக் கல்லைக் கிளப்பி, எல்லாருமாகத் தள்ளிக் குழிக்கு மேல் கொண்டு வந்தோம். நானும்தான் தள்ளினேன். மாப்பிள்ளை இப்படி அப்படி அசைத்துக் கையை எடுத்தார். கல் உட்கார்ந்தது. அப்புறம் அதை ஆட்ட எங்கள் எல்லாராலும் முடியவில்லை.

குச்சிக்காரர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ இத்தனை வருஷமா... எனக்கு வயசாகலையா?"

"வயசு ஆயிருக்குங்க. ஆனா தோத்தது உங்களால இல்ல" என்றேன்.

அவர் மேல்பாதையில் திரும்பிப் புதரை விலக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். குச்சி டொக்கு டொக்கென்று போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் ஈ ஓட்டினேன். வழக்கம் போலப் பால் வாங்கி, பன் அடுக்கி, முட்டை அவித்து வைத்திருந்தேன். மலைக்கு ஜனம் வராமல் இல்லை. தூரத்தில் பேச்சுக்குரல் கேட்கும், பிரிகிற இடத்துக்கு வந்ததும் இடது பக்கம் ஒதுங்கி மேலே போய்விடும். மாப்பிள்ளை வந்து தனியாக உட்கார்ந்து டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருத்தரே குடிச்சு என் கடையை நடத்த முடியாது மாப்பிள்ளை. வயிறு வெடிச்சுடும்."

"பரவால்ல அத்தை" என்றார்.

"மேல போறவங்க போய்ச் சேர்றாங்களா?"

"எல்லாரும் சேர்றாங்க அத்தை. குச்சிக்காரரு அன்னைக்கு உச்சியில நின்னு அழுதுட்டாராம். வீட்டுக்குப் போன் போட்டு, கணவாய்க் காத்தைப் போன்லயே கேக்க வெச்சாராம்."

எனக்கும் அழுகை வந்தது. குச்சிக்காரருக்காக அழுதேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். இல்லை, என் கடைக்காகத்தான் அழுதேன். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்பை அணைத்து வெகு நேரம் ஆகியிருந்தது என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் பால்காரரிடம் இனிமேல் பாதி போதும் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டே கடை வாசலில் வந்து நின்றார்கள். கல் இடது பக்கம் காட்டியது என்று அவள், எனக்குத் தெரியாதா வழி என்று அவன். கல் சொன்னதைக் கேட்காதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது வழி இல்லீங்க. திரும்பிப் போய் இடது பக்கம் ஏறுங்க" என்றேன்.

"பாத்தீங்களா!" என்று அவள் ஒரு பிடி பிடித்தாள். இரண்டு பேரும் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். ஒரு டீ குடிக்கவில்லை. ஒரு பன்கூட வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "ஏன்டி, உனக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா? உக்கார வெச்சு, டீயைக் குடுத்து, குடிச்சு முடிச்சப்புறம் வழியைச் சொன்னா ஆகாதா? முதல்ல டீ, அப்புறம் வழி. இதுகூடத் தெரியாம எப்படிடி இத்தனை வருஷம் கடை நடத்துன?"

நியாயமான பேச்சு. இதில் பாவம் ஒன்றும் இல்லை. வழி சொல்லத்தானே போகிறோம், ஐந்து நிமிஷம் கழித்துச் சொன்னால் என்ன? அடுத்த ஆளுக்கு அப்படியே செய்வது என்று அவரிடம் சத்தியமே செய்தேன்.

அடுத்த ஆள் மதியம் வந்தார். தனி ஆள், வேர்த்து விறுவிறுத்து வந்தார். நல்ல பசி என்பது முகத்திலேயே தெரிந்தது. பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்காரப் போனார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் கிளாஸைக் கழுவி எடுத்தேன். கெட்டிலைத் தூக்கினேன். ஒரு கிளாஸ் டீயை ஊற்றி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"ஐயா, நீங்க வழி தப்பி வந்துட்டீங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.